சீமைச்சுண்ணாம்புப் பாறைக்கு எந்த நீர்? ஒரு கோர் ஆய்வகக்காரனின் செய்முறை

மாதத்துக்கு ஒரு மின்னஞ்சலாவது இப்படி வந்துவிடும்: "சார், சீமைச்சுண்ணாம்பு கோரில் கடல்நீரைப் பத்து மடங்கு நீர்த்துச் செலுத்தினோம். எண்ணெய் கூடும் என்று பார்த்தால், வெறும் கடல்நீருக்கு வந்ததை விடக் குறைவாக வருகிறது. எங்கே தப்பு செய்தோம்?"

(கோர் என்பது பாறையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த துண்டு. அதில் எண்ணெயை ஏற்றி, பிறகு நீரைச் செலுத்தி, எவ்வளவு எண்ணெய் வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை. சீமைச்சுண்ணாம்பு என்பது ஆங்கிலத்தில் சாக்.) தப்பு சோதனையில் இல்லை. அந்தப் பாறை அப்படித்தான் நடந்துகொள்ளும். நார்வேயின் ஸ்டாவாங்கரில் நான் ஆறு வருடம் கோர் ஆய்வகத்தில் இருந்தேன். முதல் எட்டு மாதம் நானும் இதே கேள்வியோடுதான் சுற்றினேன். அதனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட, நீரை எப்படிக் கலப்பது, கோரை எப்படித் தயார் செய்வது, எந்த இடத்தில் கணக்கு காலை வாரும் என்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

குழப்பத்தின் வேர் "குறைந்த உப்பு நீர்" என்ற பெயரிலேயே இருக்கிறது. அந்தப் பெயர் மணற்பாறையில் புகழ் பெற்றது. ஷெட்லாந்துக்கு மேற்கே, 2018இல் உற்பத்தி தொடங்கிய கிளேர் ரிட்ஜ் எண்ணெய் மேடையை பி.பி. நிறுவனம் குறைந்த உப்பு நீரைச் செலுத்தும் வசதியோடுதான் கட்டியது. அது மணற்பாறை. அங்கே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதில் களிமண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. சீமைச்சுண்ணாம்பில் களிமண் பெயருக்குத்தான் இருக்கும். அது கோக்கோலித்தோஃபோர் என்னும் நுண்ணிய கடல் பாசியின் ஓட்டுத் தகடுகள் குவிந்து உண்டான கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். (பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதினோமே, அந்தச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பாறையை நினைக்காதீர்கள்.)

வடகடலில் இந்தப் பாறையின் பெரிய உதாரணம் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல். 1969இல் கண்டுபிடித்து 1971இல் உற்பத்தி தொடங்கினார்கள். ஆரம்பத்தில் இருக்கும் எண்ணெயில் 17 சதவீதம் போல எடுத்தால் பெரிது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1987இல் பெரிய அளவில் கடல்நீர் செலுத்தத் தொடங்கியபின் கதை மாறியது. இப்போது 50 சதவீதத்தை ஒட்டிப் பேசுகிறார்கள். கடல்நீரைத் தேர்ந்தெடுத்தது அது சுற்றிலும் இலவசமாகக் கிடந்ததால்தான். அது வெறுமனே எண்ணெயைத் தள்ளும் நீர் மட்டும் அல்ல, 130 டிகிரி சூட்டில் பாறையின் குணத்தையே மாற்றும் நீர் என்பது பின்னால் ஆய்வகங்களில் தெளிவானது. ஸ்டாவாங்கர் பல்கலைக்கழகத்தில் டோர் அவுஸ்டாட், ஸ்கூலே ஸ்ட்ராண்ட் ஆகியோரின் குழு இதில் பல வருடம் உழைத்தது. கீழே நான் சொல்லும் முறைகளில் பெரும்பகுதி அந்தப் பள்ளியின் வழக்கம்.

பாறைக்குள் நடப்பது இது. கால்சைட்டின் முகத்தில் நேர்மின்னேற்றம். கச்சா எண்ணெயில் இருக்கும் கார்பாக்சிலிக் அமிலங்களுக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, பாறை எண்ணெயை விரும்பத் தொடங்குகிறது, நீரை உள்ளே உறிஞ்ச மறுக்கிறது. கடல்நீரில் உள்ள சல்பேட் பாறை முகத்தில் போய் உட்கார்ந்து நேர்மின்னேற்றத்தைத் தணிக்கிறது. அதனால் கால்சியம் அயனி கிட்டே வர முடிகிறது. அது அமிலத்தின் தலையைப் பிடித்துப் பாறையிலிருந்து விலக்குகிறது. சூடு கூடக்கூட மெக்னீசியமும் களத்தில் இறங்கி, பாறையின் கால்சியத்தையே அமிலத்தோடு சேர்த்துப் பெயர்க்கிறது. ஆக வேலைக்காரர்கள் மூவர்: சல்பேட், கால்சியம், மெக்னீசியம். சோடியமும் குளோரைடும் வேலை செய்வதில்லை, ஆனால் எண்ணிக்கையில் அவைதான் அதிகம். கல்யாண மண்டபத்து வாசலில் சும்மா நிற்கும் கூட்டத்தால் சமையல்காரர் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பாரே, அந்த நிலைமைதான். கூட்டத்தை மட்டும் விலக்கினால் சமையல் வேகமாக நடக்கும். பத்து மடங்கு நீர்ப்பது என்பது கூட்டத்தோடு சேர்த்து சமையல்காரரில் பத்துக்கு ஒன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்புவது.

இதனால்தான் சீமைச்சுண்ணாம்பில் நீர்த்த கடல்நீர் தோற்கிறது, சோடியம் குளோரைடு மட்டும் நீக்கிய கடல்நீர் ஜெயிக்கிறது. அரபு நாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் கடல்நீரை நீர்த்தே பலன் கண்ட சோதனைகள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அந்தப் பாறைகளில் அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட்) கலந்திருந்தால் நீர்த்த நீர் அதைக் கரைத்து, தனக்கு வேண்டிய சல்பேட்டை அங்கேயே எடுத்துக்கொள்ளும். சுத்தமான சீமைச்சுண்ணாம்பில் அந்த உள்ளூர்ச் சரக்கு கிடையாது.

நீர் கலப்பது

ஒரு லிட்டர் செயற்கைக் கடல்நீருக்கு நான் நிறுத்துப் போடும் அளவு இது:

சோடியம் குளோரைடு 23.38 கிராம்
சோடியம் சல்பேட் (நீரற்றது) 3.41 கிராம்
சோடியம் பைகார்பனேட் 0.17 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 0.75 கிராம்
மெக்னீசியம் குளோரைடு (ஆறு நீர் மூலக்கூறு கொண்டது) 9.05 கிராம்
கால்சியம் குளோரைடு (இரண்டு நீர் மூலக்கூறு கொண்டது) 1.91 கிராம்

இதில் கரைந்த உப்பு மொத்தம் லிட்டருக்கு 33.4 கிராம் வரும் (உப்பின் படிக நீரைக் கணக்கில் சேர்க்காமல்). சல்பேட் 24 மில்லிமோல், மெக்னீசியம் 45, கால்சியம் 13. இப்போது பட்டியலின் முதல் வரியை மட்டும் அடித்துவிட்டு மற்றதை அப்படியே கலக்குங்கள். மொத்த உப்பு 10 கிராமாக இறங்கிவிடும், வேலைக்காரர் மூவரும் ஒரு துளி குறையாமல் இருப்பார்கள். இதுதான் சீமைச்சுண்ணாம்புக்கான "குறைந்த உப்பு நீர்". மூன்றாவது நீர் ஒன்றும் வேண்டும்: அதே கலவையில் சோடியம் சல்பேட்டை 13.64 கிராமாக, அதாவது நாலு மடங்காக ஏற்றியது. நாலாவதாக, கடல்நீரையே பத்து மடங்கு நீர்த்தது. இந்த நாலாவதை விட்டுவிடாதீர்கள். உங்கள் வழிகாட்டி நிச்சயம் கேட்பார்.

கலக்கும்போது குளோரைடுகளை ஒரு பீக்கரிலும், சல்பேட்டை இன்னொன்றிலும், பைகார்பனேட்டைத் தனியாகவும் கரைத்து, எல்லாம் தெளிந்தபின் ஒன்றாகச் சேர்த்து ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினால் அடர்த்தியான மூலையில் வெண்படிவு விழும். அப்புறம் 0.22 மைக்ரான் வடிகட்டி. மெக்னீசியம் குளோரைடு டப்பா திறந்தே கிடந்தால் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும், அப்போது 9.05 கிராம் என்பது 9.05 கிராம் அல்ல. இன்னொன்று, படிக நீர் உள்ள உப்பா நீரற்றதா என்று லேபிளைப் படியுங்கள். ஒரு தடவை நீரற்ற கால்சியம் குளோரைடை 1.91 கிராம் போட்டுவிட்டேன். கால்சியம் மூன்றில் ஒரு பங்கு கூடிப்போனது. மூன்று வார சோதனையை அதற்குக் காவு கொடுத்தேன்.

பாறைக்குள் முதலில் இருக்கப்போகும் படிவ நீர் (நிலத்தடியில் எண்ணெய்ப் பாறைக்குள் இயற்கையாகவே இருக்கும் நீரைப் போலக் கலப்பது) வேறு. அதில் சோடியம் குளோரைடு மிகுந்திருக்கும், சல்பேட் இருக்கவே கூடாது. லிட்டருக்கு 63 கிராம் உப்பு கொண்ட கலவை வழக்கம்.

கோரைத் தயார் செய்வது

எக்கோஃபிஸ்க் கோர் எல்லோருக்கும் கிடைக்காது. டென்மார்க்கின் ஸ்டெவன்ஸ் கிளிண்ட் கடற்பாறையிலிருந்து எடுத்த கல்தான் பெரும்பாலான ஆய்வகங்களில் ஓடுகிறது. துளை அளவு 45 முதல் 50 சதவீதம். பாதிக் கல், பாதிக் காற்று. ஆனால் ஊடுருவுதிறன் சில மில்லிடார்சிதான், அத்தனை துளையும் அத்தனை நுணுக்கம். கையில் எடுத்தால் கனமே இருக்காது, நகத்தால் கீறினால் மாவு வரும். அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லும் கிரெட்டேசியஸ் காலத்ததுதான், வயதில் ஏறத்தாழ ஒரு தலைமுறை. ஆனால் அதைச் சுத்தியலால்தான் பேச வைக்க முடியும்.

38 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 79 மில்லி. 48 சதவீதத் துளை என்றால் துளைக் கொள்ளளவு 38 மில்லி. காய்ந்த கல்லின் எடை 112 கிராம். இந்த நாலு எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எல்லாக் கணக்கும் இதில்தான் தொங்கும்.

முதல் வேலை, கழுவுவது. கடலோரத்துக் கல்லில் சல்பேட் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். அதை விட்டுவைத்தால் நீங்கள் சோதிக்க நினைத்த மருந்தை நோயாளி முன்பே சாப்பிட்டிருக்கிறார் என்று அர்த்தம். காய்ச்சி வடித்த நீரை நிமிடத்துக்கு 0.1 மில்லி வேகத்தில் 250 மில்லி செலுத்துங்கள், இரண்டு நாள் பிடிக்கும். வெளியே வரும் நீரில் சில துளி பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். பால் போலக் கலங்கினால் சல்பேட் இன்னும் இருக்கிறது. தெளிவாக இருந்தால் 90 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். பேரியம் குளோரைடு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

அடுத்தது பத்து சதவீத நீரை உள்ளே வைப்பது. இது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். படிவ நீரைப் பத்து மடங்கு நீர்த்து, வெற்றிடத்தில் கோரை முழுக்க அதனால் நிரப்புங்கள். பிறகு சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வைத்தால் நீர் மட்டும் மெல்ல ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். 38 மில்லி நீர் 3.8 மில்லியாகச் சுருங்கும்போது உப்பின் அடர்த்தி அசல் படிவ நீர் அளவுக்கு வந்திருக்கும். எடைதான் வழிகாட்டி: 112 கிராம் கல்லுக்கு 116 கிராமில் நிறுத்த வேண்டும். கடைசி நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். நான் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 118 கிராமில் விட்டுவிட்டு, திங்கள் காலை வந்து பார்த்தால் 113.5. அந்தக் கோரைத் திரும்பக் கழுவுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. சரியான எடை வந்ததும் மூடிய பாத்திரத்தில் மூன்று நாள் வையுங்கள், நீர் உள்ளுக்குள் சமமாகப் பரவட்டும்.

எண்ணெய்க்கு வருவோம். எண்ணெயில் பார்க்க வேண்டியது அமில எண், அதாவது ஒரு கிராம் எண்ணெயில் உள்ள அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது. அமிலம் இல்லாத எண்ணெய் சீமைச்சுண்ணாம்பை நனைத்தாலும் பிடித்துக்கொள்ளாது. அப்படிப்பட்ட கோரில் எந்த நீரும் நன்றாக வேலை செய்வது போலவே தெரியும், உங்களுக்கு வேறுபாடே கிடைக்காது. அமிலம் மிகுந்த கச்சா எண்ணெயை 60 பங்கு, ஹெப்டேன் 40 பங்கு கலந்து, படியும் அஸ்பால்ட்டீனை (தார் போன்ற கனமான பகுதியை) 5 மைக்ரானில் வடித்துவிடுங்கள். அதில் ஒரு பகுதியை சிலிக்கா ஜெல்லோடு கலக்கி வைத்து அமிலத்தை உறிஞ்ச விடுங்கள். இரண்டையும் கலந்து கிராமுக்கு 0.5 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற அளவுக்குக் கொண்டுவரலாம். ஹாஸ்லர் செல்லில் (கோரை ரப்பர் உறைக்குள் இறுக்கிப் பிடிக்கும் கலம்) 50 டிகிரியில் இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி எண்ணெய் செலுத்த வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து செலுத்தினால் நுழையும் பக்கத்துப் பாறை அமிலத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும், மறுமுனைக்கு வடிகட்டின எண்ணெய்தான் போய்ச் சேரும். ஒரே கோருக்குள் இரண்டு வேறு பாறைகள் உருவாகிவிடும்.

அப்புறம் டெஃப்லான் நாடா சுற்றி, அதே எண்ணெயில் மூழ்கவைத்து, 90 டிகிரியில் நாலு வாரம் பழக்குங்கள். இந்த நாலு வாரத்தைக் குறைக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆய்வகத்தில் என்னோடு இருந்த தம்பி ஒருவன், "அண்ணா, ரெண்டு வாரம் போதாதா?" என்று தினமும் கேட்பான். எல்லாக் கோரையும் ஒரே அளவு பழக்கினால் ஒப்பிடலாம் என்பதுதான் விஷயம். ஒன்று இரண்டு வாரம், இன்னொன்று நாலு வாரம் என்று இருந்தால் வேறுபாடு நீரால் வந்ததா வாரத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

நீர் உள்ளே போவது

முதலில் தானாக உறிஞ்சும் சோதனை. கோரை எஃகு செல்லில் வைத்து, சுற்றிலும் சோதிக்கும் நீரை நிரப்பி, 110 டிகிரிக்கு ஏற்றுங்கள். 100 டிகிரியைத் தாண்டுவதால் கொதிக்காமலிருக்க 10 பார் பின்னழுத்தம் கட்டாயம். வெளியேறும் எண்ணெயை பியூரெட்டில் தினமும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். 70 டிகிரியில் இதைச் செய்துவிட்டு "நீர் வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். இந்த மாற்றம் சூட்டைத் தின்று நடப்பது. 90க்குக் கீழே மிகவும் சோம்பலாக இருக்கும்.

கணக்கு இங்கேதான் காலை வாரும். உள்ளே இருக்கும் எண்ணெய் 34.2 மில்லி. ஆக 0.34 மில்லி வந்தால் ஒரு சதவீதம். அறைச் சூட்டிலிருந்து 110 டிகிரிக்குப் போகும்போது எண்ணெய் விரிந்து, நீர் ஒரு துளிகூட உள்ளே போகாமலேயே சுமார் இரண்டரை மில்லி வெளியே வந்துவிடும். அது ஏழு சதவீதம். முதல் நாள் பியூரெட்டைப் பார்த்து நான் துள்ளிக் குதித்தது எல்லாம் இந்த விரிவுக்குத்தான். இதைக் கழிக்காமல் எழுதிய எண்ணை நம்பாதீர்கள். கழிப்பதற்குச் சுலப வழி, படிவ நீரில் ஒரு கோரை அதே சூட்டில் வைப்பது. அதில் வருவது விரிவும், பாறை ஏற்கெனவே கொஞ்சம் நீரை விரும்புவதால் உறிஞ்சியதும்தான். அதற்கு மேலே வருவது நீரின் கைவண்ணம்.

ஒரே கோரில் முதலில் படிவ நீர், பிறகு கடல்நீர், பிறகு உப்பு நீக்கிய நீர் என்று மாற்றிக்கொண்டே போகலாம், அல்லது நாலு கோருக்கு நாலு நீர் என்று பிரித்துவிடலாம். முதலாவது சிக்கனம், ஆனால் கடைசி நீருக்கு மிச்ச எண்ணெய்தான் கிடைக்கும், பாவம். என் ஓட்டு இரண்டாவதற்கு, ஒவ்வொன்றிலும் இரட்டைக் கோர் வைத்து. இரட்டைகள் தங்களுக்குள்ளேயே மூன்று நாலு சதவீதம் மாறுபட்டால், நீருக்கு நீர் மூன்று சதவீத வித்தியாசம் என்று பெருமை பேச முடியாது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் வரிசை இப்படி அமையும்: நீர்த்த கடல்நீர் கடைசி, அதற்கு மேல் கடல்நீர், அதற்கு மேல் சோடியம் குளோரைடு நீக்கியது, உச்சியில் சல்பேட் ஏற்றியது. நாளுக்கு எதிராக எண்ணெயை வரைந்தால் வரும் வளைகோட்டின் உயரம் மட்டும் அல்ல, ஏற்ற வேகத்தையும் பாருங்கள். உப்பு நீக்கிய நீரின் கோடு முதல் சில நாளிலேயே செங்குத்தாகப் போகும்.

உறிஞ்சுதல் தட்டையானதும் செலுத்திப் பார்க்கும் சோதனை. நாளொன்றுக்கு ஒரு துளைக் கொள்ளளவு, அதாவது நிமிடத்துக்கு 0.026 மில்லி. பிறகு நாலு மடங்கு வேகம். வேகத்தைக் கூட்டியதும் குபுக்கென்று எண்ணெய் வந்தால் அது நீரின் வேதியியல் அல்ல, முனையில் தேங்கியிருந்த எண்ணெய்.

பாறை உண்மையிலேயே குணம் மாறியதா என்று தனியாகச் சோதிக்கவும் வழி உண்டு. கடைசியில் சல்பேட்டும் தையோசயனேட்டும் கலந்த நீரை விட்டு இரண்டும் எப்போது வெளியே வருகின்றன என்று பாருங்கள். தையோசயனேட் பாறையில் ஒட்டாது. சல்பேட் நீர் தொட்ட பரப்பில் மட்டும் ஒட்டித் தாமதமாக வரும். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள பரப்பு பெரிதானால் பாறையில் நீர் விரும்பும் இடம் கூடியிருக்கிறது என்று பொருள். எண்ணெய் சேராத கோரில் கிடைக்கும் பரப்பால் அதை வகுத்தால் ஓர் எண் கையில் வரும்.

சல்பேட் உச்சியில் இருக்கிறதே, இன்னும் எட்டு மடங்கு ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றாதீர்கள். கால்சியம் சல்பேட் சூட்டில் கரைவது கூடுவதில்லை, குறையும். சர்க்கரைப் பாகுக்கு நேர் எதிர். 130 டிகிரியில் நாலு மடங்கு சல்பேட்டே அன்ஹைட்ரைட்டாக விழும் அபாயம் உண்டு. ஒருமுறை செலுத்தும் அழுத்தம் ஒரே இரவில் மூன்று மடங்காக ஏறியது. பம்பைச் சந்தேகித்தேன், வால்வைக் கழற்றினேன், குழாயை மாற்றினேன். அடைத்தது நான் கலந்த நீர்தான்.

களத்துக்குப் போனால் இதைவிடப் பெரிய கேள்விகள் நிற்கும். நடுக்கடலில் சோடியம் குளோரைடை மட்டும் எப்படி நீக்குவது? நானோ வடிகட்டிச் சவ்வு இரட்டை மின்னேற்ற அயனிகளைப் பிடித்து நிறுத்தும், சோடியத்தையும் குளோரைடையும் பெருமளவு விட்டுவிடும். வேடிக்கை என்னவென்றால் வடகடலின் பல மேடைகளில் இந்தச் சவ்வு ஏற்கெனவே ஓடுகிறது, ஆனால் பேரியம் சல்பேட் படியாமலிருக்க சல்பேட்டை நீக்குவதற்காக. சல்பேட் செறிந்த மிச்ச நீரைக் கடலில் கொட்டுகிறார்கள். நமக்கு வேண்டியது அந்த மிச்சம்தான். அதிலும் சோடியம் குளோரைடு கடல் அளவுக்கு இருக்கும் என்பதால், தலைகீழ் சவ்வூடு பரவலில் வரும் நன்னீரோடு கலந்து இறக்க வேண்டும். படிவ நீரில் பேரியம் இருந்தால் இந்தத் திட்டத்தை எடுத்த கையோடு கீழே வையுங்கள். சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு விடும் பாக்டீரியாவையும் மறக்க வேண்டாம்.

இதே அயனிகள் சூட்டில் சீமைச்சுண்ணாம்பைப் பலவீனமாக்கவும் செய்யும். எக்கோஃபிஸ்கில் கடலடி அமிழ்வதை 1984இல் கவனித்து, 1987இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்தினார்கள். நீர் செலுத்தி அழுத்தம் மீண்ட பிறகும் அமிழ்வது நிற்கவில்லை. பாறை நசுங்குவதும் எண்ணெயைப் பிழிந்து தள்ளும் என்பதால் ஒரு பக்கம் அது லாபம். மேடையில் நிற்பவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஆகவே உங்கள் கோரின் நீளத்தைச் சோதனைக்கு முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். அரை மில்லிமீட்டர் குறைந்திருந்தாலும் அது செய்திதான்.

கோரை வெளியே எடுத்ததும் குப்பையில் போடாதீர்கள். நீர் நுழைந்த முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டரை வெட்டி, வட்டமான முகத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பாறையில் வெள்ளைப் படிகம் சட்டென்று தெரியாது, மின்னுவதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மின்னினால் அந்தக் கோரின் அழுத்தக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு, அடுத்த கோருக்கு நாலு மடங்கு சல்பேட்டை மூன்று மடங்காக இறக்கி நிறுங்கள்.